மாலையை மட்டும் எடுத்துக் குடு

மொதலாளி இல்லியா கண்ணு? சாப்புடப் போயிட்டாரா? பரவால்ல, அவரு எதுக்கு. எனக்கு உன்கிட்டத்தான் வேலை. கரண்ட்டு இல்லீங்கிறயா? எப்ப வருமாம்? சரி, வர்றப்ப வரட்டும். நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். நீ எந்திரிக்காத, உன்ற வேலையப் பாரு.

என்னயத் தெரியுதா? தெரியலியா. நல்லதாப் போச்சு.

இல்ல, தெரியும். கண்ண அக்கட்டால திருப்பிக்கிட்டயே, அதுலயே தெரியுது. போன தை மாசம், மத்தியான வெயில்ல இந்தப் பிரஸ்ஸுக்கு வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டுட்டுப் போனனே, அந்த ஆளுதான். தறிப்பட்டறை அர்த்தநாரி. ஊருக்குள்ள கேட்டிருப்ப. கேக்காம எப்படி இருப்ப, ஊரே அதத்தான பேசுச்சு.

நீ அன்னைக்கு அழுத. எனக்கு ஞாபகம் இருக்கு. படத்த வாங்கிப் பாத்துட்டு, "என்ற வயசுதானுங்கய்யா இருக்கும்"னு சொன்ன. காச்சலுங்களான்னு கேட்ட. நான் ஆமான்னு தலையாட்டுனேன். அப்பறம் விசயம் தெரிஞ்சு என்னையத் திட்டியிருப்ப. திட்டிக்க. அதுக்கெல்லாம் நான் வருத்தப்படற ஆளில்ல.

வருசம் திரும்பப் போகுது, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வந்திருக்கான் கெழவன்னு நெனைக்கற. அதான? நீ மட்டும் இல்ல. டீக்கடையில ஒருத்தன் கேக்கறான், "என்னங்க மாமா, வருசத்துக்குப் போஸ்டர் உண்டுங்களா"ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்கறான். நேத்து வரைக்கும் என்னயப் பாத்தா சிகரெட்ட கையில மறைச்சவன். டீய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

நான் அதுக்கு வல்ல. எனக்கு ஒரு படம் வேணும். அவ்வளவுதான். கரண்ட்டு வரட்டும், சொல்றேன்.

உன்ற பேரு என்ன? சரி, பேரு எதுக்கு, அம்மிணின்னே கூப்புடறேன். எங்கூட்டுலயும் அப்படித்தான் கூப்புடறது. கூப்புட்டது.

உனக்கு மான மருவாதைன்னா என்னன்னு தெரியுமா அம்மிணி? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அது ஒரு பேச்சு. எங்களுக்கு அதான் சோறு. ஊருல ஒரு கலியாணம்னா என்ற தலை அங்க தெரியோணும். கோயில் கமிட்டியில என்னயக் கேக்காம ஒரு பந்தக்கால் நட மாட்டாங்க. அண்ணன் தம்பிக்குள்ள பாகப்பிரிவினைன்னா எனக்குத்தான் ஆளு வரும். நான் சொன்னா சொன்னதுதான். அப்படி இருந்தவன் நான். அத நீ மனசுல வெச்சுக்கோணும். அப்பத்தான் நான் செஞ்சது ஏன்னு உனக்குப் புரியும்.

எங்கூட்டுக்கு மேக்கால ராசப்பன்னு ஒருத்தன் இருக்கான். அவனும் தறிதான். அவன்ற புள்ளையும் ஒருத்தன்கூட இப்படித்தான் போயிருச்சு, என்ற புள்ளைக்கு ரொம்ப முன்னால. கோயில்ல எல்லாரும் உக்காந்திருக்கறப்ப நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன், "ராசப்பா, இன்னைக்கே தலை முழுகிப்போடு. இல்லீனா நோம்பிக்கு உன்கிட்ட வரி வாங்க முடியாது"ன்னு. அவன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, "என்னால ஆகாதுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அன்னையில இருந்து அவன்கிட்ட வரி வாங்கறதில்ல. மாரியம்மன் நோம்பிக்கு அவன் ஊட்டுப் பக்கம் பூவோட்டுத் தீச்சட்டி கூடப் போகாது. நாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? இப்ப அந்தப் புள்ள வருது, போகுது. பேத்திய மொபெட்டுல முன்னால நிக்க வெச்சுக்கிட்டு ராசப்பன் கடைவீதியெல்லாம் சுத்தறான். வெக்கமே இல்லாத ஆளு.

அப்பறம் எங்கூட்டுல நடந்துச்சு.

பிருந்தா. படத்துல பேரு அடிச்சயே, உனக்குத் தெரியும். ஒரே புள்ள. படிச்சா, இங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா. பள்ளிக்கூடத்துக்கு வயரிங் வேலை பாக்க வந்தவன்கூடப் பழக்கம். அவன் பேர நான் சொல்றதில்ல. நம்மாளுக இல்ல. ரிஜிஸ்தர் பண்ணிக்கிட்டு நேரா ஸ்டேசனுக்குப் போயிட்டாங்க. எனக்கு அங்கிருந்து போன் வருது. என்ற வாழ்க்கையில நான் ஸ்டேசன் படி ஏறுனது மத்தவங்களுக்கு ஜாமீன் சொல்றக்கு மட்டும்தான் கண்ணு. அன்னைக்கு என்ற புள்ளைக்காக ஏறுனேன்.

எஸ்.ஐ. அம்மா கேட்டாங்க, "யார்கூடம்மா போற?"ன்னு. இவ சொல்றா, "அவருகூடங்க." மூணாம் மனுசி மாதிரி. என்ற மூஞ்சிய ஒரு தடவ கூடப் பாக்கல. பாத்தான்னு தெய்வானை சொல்றா. தெய்வானை என்ற சம்சாரம். "அவ உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தா, நீங்கதான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க"ங்கிறா. அவ அம்மா அப்படித்தான சொல்லுவா.

ஊட்டுக்கு வந்தேன். ராசப்பன் வந்தான். வந்து உக்காந்தான். நான் காத்துக்கிட்டிருக்கேன், இப்பச் சொல்லுவான், அப்பச் சொல்லுவான்னு. "அன்னைக்கு என்னயச் சொன்னீங்களேண்ணா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தான்னா எனக்கு ஆறியிருக்கும். கேக்கல. "சாப்புட்டீங்களாண்ணா?"ன்னு கேக்கறான். என்ன திமிரு பாரு! அப்பத்தான் முடிவு பண்ணேன். நாலு பேரு முன்னால நான் சொன்ன வார்த்தை, அது எனக்கும்தான? தலை முழுகுன்னு ஊருக்குச் சொன்னவன் தான் முழுகாம இருந்தா, அவன் என்ன ஆம்பள?

அவ படத்தையெல்லாம் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போட்டு எரிச்சேன். சின்ன வயசுல மொட்டை போட்டது, காது குத்துனது, பள்ளிக்கூடத்துல ஆடுனது, எல்லாம். எல்லாரும் உக்கார்ற ஆசாரத்துச் செவுத்துல மாட்டியிருந்த ஒண்ண மட்டும் சட்டத்துல இருந்து உருவிக்கிட்டு உன்கிட்ட வந்தேன். காலேஜ் முடிச்சப்போ ஸ்டுடியோவுல எடுத்தது அது.

நீ கேட்ட, "தோற்றம் எந்தத் தேதிங்கய்யா?" சொன்னேன். "மறைவு?" ஸ்டேசனுக்குப் போன தேதியச் சொன்னேன். "மாலை போடலாமுங்களா?"ன்னு கேட்ட. போடுன்னேன். "ரோசாப்பூ மாலைங்களா, சம்பங்கிங்களா?" பெருசா எது இருக்கோ அதப் போடுன்னேன். நீ கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு மாலையத் தேடி எடுத்து, அவ கழுத்துல கொண்டாந்து வெச்ச. அழுதது அப்பத்தான். எனக்கும் என்னமோ பண்ணுச்சு. இல்லீங்கல. ஆனா மனுசன் ஒரு முடிவு எடுத்துட்டா எடுத்ததுதான்.

காத்தால விடியறப்ப ஒட்டியாச்சு. பஸ் ஸ்டாப்புல, ரேசன் கடையில, கோயில் முன்னால. அவ பாடம் சொல்லிக் குடுத்த பள்ளிக்கூடத்துச் செவுத்துலயும் ஒட்டிட்டான் ஒட்டறவன். சின்னப் புள்ளைங்க படிச்சுட்டு, டீச்சர் செத்துப் போயிட்டாங்கன்னு அழுதுச்சாம். ரெண்டு புள்ளைக்குக் காச்சலே வந்துருச்சாம். அதுக்கு நான் என்ன பண்றது? நான் புள்ளைங்களுக்கா போஸ்டர் போட்டேன்?

அன்னைக்கு ஊரு என்னயப் பாத்த பார்வை இருக்கே! அர்த்தநாரின்னா அர்த்தநாரிதான்யான்னு பேசிக்கிட்டாங்க. போன மருவாதை திரும்பி வந்துருச்சுன்னு நெனச்சேன். நெஜமாத்தான் நெனச்சேன்.

தெய்வானை பாலு வாங்கப் போனவ பாத்துட்டு வந்தா. சத்தம் போடுவா, மண்ண வாரித் தூத்துவான்னு நான் தயாரா இருந்தேன். பொடக்காளிக்குப் போனா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா, ஈரத்தலையோட வந்து ஆசாரத்துல சுருண்டு உக்காந்துட்டா. அடுப்புப் பத்த வெக்கல. மத்தியானம் ஆச்சு, சோறு எங்கடின்னேன். "எழவு ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கக் கூடாதுங்க"ன்னா.

அட கெரகமே! அது சும்மா ஊருக்காகப் போட்டதுடின்னு சொல்றேன். அவ என்னய நிமிந்து பாக்கறா. "ஊருக்குச் செத்தவ ஊட்டுக்குச் சாகலீங்களா?"ன்னு கேக்கறா. ராசப்பன் பொண்டாட்டிதான் எழவு ஊட்டுக்குக் கொண்டாற மாதிரி ரசஞ்சோறு கொண்டாந்து வெச்சுட்டுப் போனா. நானும் அதத்தான் தின்னேன், பசி பாரு.

ரெண்டு நாளுல சரியாயிருவான்னு பாத்தேன். ஆகல கண்ணு. வாசல்ல கோலம் இல்ல. தலையில பூவு இல்ல. ஒரு கலியாணங் காச்சிக்கு வர்றதில்ல. பத்திரிகை வெக்க வந்தவங்ககிட்ட, "எங்கூட்டுல பெரிய சாவு ஆயிப்போச்சுங்க, வருசம் திரும்பட்டும்"ங்கிறா. மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்ல, கோவம் இல்ல. வந்தவங்க என்னயப் பாக்கறாங்க. நான் எங்க பாக்கறது?

அப்பறம் சித்திரையில நோம்பி வந்துச்சு. இந்த வருசம் காப்புக் கட்டறது என்ற மொறை. நோம்பி முடியற வரைக்கும் விரதம் இருந்து, கையில மஞ்சக் காப்போட அம்மனுக்கு முன்னால நடக்கோணும். எங்கப்பன் நடந்தது, நான் நடக்கோணும்னு எத்தன வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன். கமிட்டிக்காரங்க வரி வாங்க வந்தாங்க, பூசாரியும் வந்தாரு. நான் துண்டப் போட்டு உக்காருங்க உக்காருங்கங்கிறேன். உள்ளயிருந்து தெய்வானை வந்து நெலவுப்படியில நின்னுக்கிட்டு சொல்றா, "சாவு ஊட்டுல நீங்க எப்படிங்க வரி வாங்குவீங்க? சாவு ஊட்டு ஆளுக்கு எப்படிங்க காப்புக் கட்டுவீங்க? அம்மனுக்கு ஆகுமுங்களா?"

கமிட்டிக்காரங்க பூசாரியத் திரும்பிப் பாத்தாங்க. பூசாரி தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "அக்கா சொல்றதும் நாயந்தானுங்க மாமா"ங்கிறாரு.

செத்தான்னா ஊடு தீட்டு. சாகலீன்னா போஸ்டர் பொய்யி. எந்தப் பக்கம் திரும்புனாலும் முட்டுது. அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. போனவங்க எங்க போனாங்கங்கிற? மேக்கால ஊட்டுக்கு. இந்த வருசம் ராசப்பன்கிட்ட வரி வாங்குனாங்க அம்மிணி. என்கிட்ட வாங்கல.

கரண்ட்டு வர்ற மாதிரி தெரியலியே. தண்ணி இருந்தா ஒரு சொம்பு குடு.

சொல்றேன் கேளு, இதெல்லாம் கூடத் தாங்கிக்கிட்டேன். நோம்பியன்னைக்கு நடந்ததுதான் என்னயக் கொன்னு போட்டுருச்சு.

அன்னைக்கு நான் வெளிய போகல. ஊட்டு வாசல்ல கட்டலப் போட்டு உக்காந்திருக்கேன். வீதி நெறைய நோம்பிக்கு வந்த ஒரம்பரை, சொந்தபந்தம். மாவிளக்கு எடுத்துக்கிட்டு பொம்பளைங்க வர்றாங்க, முன்னால தப்பட்டை அடிக்கறான். அந்தக் கூட்டத்துக்குள்ள பூந்து ஒரு பொம்பள மாரடிச்சுக்கிட்டு வருது. தலை விரிஞ்சு கெடக்குது. கையில பெரிய மாலை ஒண்ணு. யாருடா இதுன்னு பாத்தா, லச்சுமணத்தா.

எனக்குப் பெரியம்மா மக. உடுமலைக்கு அக்கட்டால தோட்டத்துல குடியிருக்கு. அக்கா முறை. போக்குவரத்து ரொம்ப இல்ல. அது பேரன் செல்லுல இந்தப் போஸ்டர் எப்படியோ சுத்திச் சுத்தி அப்பத்தான் போயிருக்குது. பாத்துட்டு அந்தப் பையன் படிச்சுக் காட்டியிருக்கான். இது நெசமுன்னு நம்பிருச்சு. ஏன் நம்பாது? தோற்றம், மறைவு, மாலை, வெளக்கு, எல்லாம் போட்டிருக்குதே. பஸ் ஏறி, வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்திருக்குது.

வந்து என்ற கால்ல விழுந்துச்சு பாரு. "என்ற தங்கமே, உனக்குக் கலியாணச் சீலை எடுத்து வெச்சிருந்தனே, கோடிச் சீலையாப் போச்சே"ன்னு. அந்தச் சத்தத்துல தப்பட்டை நின்னு போச்சு. மாவிளக்குக் கூட்டம் அப்படியே நின்னுருச்சு. நோம்பியன்னைக்கு, அம்மனுக்கு முன்னால, ஒப்பாரி! ஒருத்தரும் அதுகிட்ட நெசத்தச் சொல்லமாட்டேங்கறாங்க. எல்லாரும் என்ற மூஞ்சியவே பாக்கறாங்க.

"எக்கா, எந்திரி"ன்னேன். எந்திரிக்கல. என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "கடைசியா என்ன சொன்னாடா? தண்ணி கேட்டாளாடா? யாரு வாயில ஊத்துனீங்க?"ன்னு கேக்குது. "எங்கடா வெச்சீங்க அவள? அந்த எடத்தையாச்சும் காட்டுடா, நான் இந்த மாலையப் போட்டுட்டுப் போறேன்"ங்குது. காட்டு காட்டுன்னு என்ற கையப் புடிச்சு இழுக்குது. நான் எங்க கூட்டிக்கிட்டுப் போறது? எந்தச் சுடுகாட்டுக்கு?

எப்படி வந்துச்சுன்னு தெரியல. கத்திட்டேன். "சாகலக்கா! அவ சாகல! உசுரோட இருக்கா! திருப்பூருல குடியிருக்கா, நல்லாத்தான் இருக்கா!"ன்னு. வீதி முச்சூடும் கேக்கற மாதிரி. நல்லா இருக்காளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அத எதுக்குச் சொன்னேன்? அது பாட்டுக்கு வந்துருச்சு.

லச்சுமணத்தாக்கா எந்திரிச்சு நின்னுச்சு. திட்டும், அறையுமுன்னு பாத்தேன். அது என்னயக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. "உசுரோட இருக்காளா? நெசமாவா? அம்மா தாயே, மாரியாத்தா"ன்னு அம்மன் பக்கம் திரும்பி அந்த மாலையத் தூக்கிக் குடுத்துச்சு. கூட்டத்துல யாரோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். அவ்வளவுதான், நாலு பக்கமும் சிரிப்பு. தப்பட்டைக்காரன் மறுபடியும் அடிக்க ஆரம்பிச்சுட்டான்.

ஸ்டேசன்ல போனது மானம் இல்ல அம்மிணி. அது போயி வந்துருச்சு. அன்னைக்குப் போச்சு பாரு, அதுதான் மானம். என்ற வாயாலயே, என்ற ஊட்டு வாசல்லயே, போஸ்டர் ஒட்டுன ஊரு முன்னாலயே. அதுக்கப்பறம் நான் எந்தப் பஞ்சாயத்துல போயி வாயத் தொறக்கறது?

திரும்பிப் பாக்கறேன், தெய்வானை வாசப்படியில நிக்கறா. தை மாசத்துல இருந்து அழுகாதவ, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. என்ற பக்கத்துல வந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க"ங்கிறா. என்னத்தடின்னேன். "இப்பச் சொன்னீங்களே, அத இன்னொருக்காச் சொல்லுங்க"ங்கிறா. நான் உள்ள போயிட்டேன். போயிக் கதவச் சாத்திக்கிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே தெய்வானை லச்சுமணத்தாக்காகூட திருப்பூர் பஸ் ஏறிட்டா. தலையில பூ வெச்சுக்கிட்டு, வாசல்ல ஒரு கோலத்தையும் போட்டு வெச்சுட்டுப் போனா. "ஊரு முன்னால நீங்களே உசுரோட இருக்கான்னு சொல்லிட்டீங்க, உசுரோட இருக்கறவளப் போயிப் பாக்கறதுல என்ன தப்பு"ன்னா. போகாதன்னு நான் சொல்லல. நான் எதுக்குச் சொல்றேன்? போறவ போகட்டும்னு இருந்துட்டேன். புள்ள மாசமா இருக்கான்னு அவளுக்கு முன்னமே தெரியுமோ என்னமோ. தாயும் மகளும் என்னயக் கேட்டா எதையும் பேசிக்கறாங்க?

போன மாசம் போன் வந்துச்சு. "பேத்தி பொறந்திருக்காங்க"ன்னா தெய்வானை. ராங் நம்பர்ன்னு சொல்லி வெச்சுட்டேன். சிரிக்காத. நீ சிரிக்கல, சரி.

போனவ இன்னும் திரும்பல, ஊட்டுல நான் மட்டும்தான். தறிச் சத்தம் இருக்கறப்பத் தெரியாது. கரண்ட்டு போயித் தறி நின்னாப் போதும், ஊடு என்னமோ பண்ணுது. அந்த ஆசாரத்துச் செவுத்துல படம் மாட்டியிருந்த எடம் மட்டும் சதுரமா வெள்ளையா இருக்கு. மத்ததெல்லாம் பொகை ஏறிப் பழுத்துக் கெடக்கு. அது கண்ணுக்கு அசிங்கமா இருக்கு. வர்றவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போகுது. அத மறைக்கோணும். காலண்டர் மாட்டிப் பாத்தேன், சேரல. சாமி படம் மாட்டிப் பாத்தேன், அதுவும் சேரல. அந்த அளவுக்கு அந்தப் படந்தான் சேரும். அதுக்காகத்தான் வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

அந்தா, வந்துருச்சு கரண்ட்டு. போடு போடு, கம்ப்யூட்டரப் போடு. போன தை மாசத்துது இருக்குதா? அழிச்சுட்டயா? இருக்கா. இருக்குதுன்னு சொன்னயே, நல்ல புள்ள.

அதான். அதான் பிருந்தா. சித்தப் பெருசு பண்ணு.

இந்த எழுத்தெல்லாம் வேண்டாம். கண்ணீர் அஞ்சலி, தேதி, கீழ என்ற பேரு, ஒண்ணும் வேண்டாம். வெளக்கும் வேண்டாம். மூஞ்சியும் கழுத்தும் மட்டும் இருந்தாப் போதும். மாலைய மட்டும் எடுத்துக் குடு கண்ணு.

ஏன்? நீதான வெச்ச? வெச்ச ஆளு எடுக்க முடியாதா?

எல்லாம் ஒண்ணாச் சேந்துருச்சா? அப்படின்னா? படமும் மாலையும் ஒரே படமா ஆயிருச்சுங்கிற. சரி, மொதல்ல நான் குடுத்த படம், மாலை இல்லாதது, அது எங்க? ஸ்கேன் பண்ணதும் இதுல இல்லியா, அதுமேலயேதான் மாலைய வெச்சயா? ஆமா, படத்தக் கையிலயே வாங்கிக்கிட்டுப் போயிட்டேன். நீ கூட வெளிய ஓடிவந்து, "படத்தப் பத்திரமா வெச்சுக்குங்கய்யா"ன்னு சொன்ன. அன்னைக்கே எரிச்சுப்போட்டேன்.

அப்ப மாலைக்கு அடியில என்ன இருக்கு? ஒண்ணும் இல்லியா? வெறுசா? மாலையத் தொடச்சா வெள்ளையாத்தான் இருக்குமா?

வரையறயா? வரைஞ்சே குடுத்துருவியா? குடு குடு. என்ன கலருத் துணின்னா? கழுத்துல என்ன போட்டிருந்தான்னா?

சுடிதாரு. இல்ல, சீலையா? இரு, சொல்றேன். தெனமும் அந்தப் படத்துக்குக் கீழதான் உக்காந்து சோறு தின்னேன். பச்சையா... கழுத்துல செயினு. நான் எடுத்துக் குடுத்தது ஒண்ணு இருந்துச்சு. அது அந்தப் படத்துல இருந்துச்சா? பாசியா? என்ன கெரகம் இது, மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்கு, மாலை இருக்கற எடம் மட்டும் வரமாட்டேங்குது. நெனச்சா இந்த ரோசாப்பூ மாலைதான் வருது.

தெய்வானைக்குத் தெரியும். அவதான் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.

ஒரு போன் போடறயா? என்ற போன்ல இருந்து வேண்டாம், உன்றதுல இருந்து போடு. நம்பர் இந்தா. நான் இங்க இருக்கறதச் சொல்லாத. பிரஸ்ல இருந்து பேசறோம், ஒரு படம் போடோணும், ஒரு வெவரம் வேணும்னு மட்டும் சொல்லு.

அடிக்குதா? எடுத்துட்டாளா? தெய்வானையா?

அம்மா கொழந்தைக்குத் தண்ணி வாத்துக்கிட்டிருக்காங்களா? அப்பப் பேசறது யாரு? ஓ.

சரி, பேசு. எதுக்கு என்னயப் பாக்கற? கேளு, கழுத்துல என்ன போட்டிருந்தீங்கன்னு கேளு. எந்த பிரஸ்ஸுன்னு கேக்கறாளா? சொல்லு. அவ போஸ்டர் அடிச்ச அதே பிரஸ்தான்னு சொல்லு, சொன்னா என்ன இப்ப?

ஏன் கண்ணு போனக் கீழ எறக்கற? என்ன சொல்றா?

எனக்கா? எனக்கு என்ன ஆச்சு? எனக்கு ஒண்ணும் ஆகலியே. எதுக்கு அழுகறா? சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அப்பா எப்பச் செத்தாருன்னா கேக்கறா?

அட, நீ அழுகாம அவளுக்குச் சொல்லும்மிணி. அப்பன் சாகலீன்னு சொல்லு. இங்கதான் ஸ்டூல்ல உக்காந்திருக்காரு, உசுரோடதான் இருக்காருன்னு சொல்லு. என்கிட்டக் குடுக்காத, வேண்டாம், நீயே சொல்லு. சொல்லிட்டயா? இன்னொருக்காச் சொல்லு. சத்தமாச் சொல்லு கண்ணு, அழுகையில அவளுக்குக் கேக்கல.